குணமாகாத உடம்போடு ஓர் ஊழியம்: வேலூர் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபைக் கூட்டங்களில் துன்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவில் ஆரம்பித்து எப்படியோ வேலூருக்கு வந்து சேர்ந்துவிடுவோம். மேரி வர்கீஸின் பெயரைச் சொன்னதும் கேள்விகள் எழும்பும். சில கேள்விகள் அவரைப் பற்றியவை. பல கேள்விகள், கேட்பவரின் வீட்டிலேயே படுத்திருக்கும் யாரோ ஒருவரைப் பற்றியவை. இரண்டையும் பிரிக்காமல் இங்கே எழுதியிருக்கிறேன்.

மேரி வர்கீஸ் யார்?

1925-இல் கேரளத்தில், கொச்சிக்குப் பக்கத்திலுள்ள செராய் ஊரில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தார். பிரசவம், பெண்கள் நோய் இவற்றில் தேர்ச்சி பெற வேண்டும் என்பதுதான் ஆசை. அந்தக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரே, பெண் மருத்துவர் இல்லாமல் பெண்கள் பிரசவத்தில் சாவதைக் கண்டு மருத்துவம் படிக்கப் போனவர் என்பதால், அங்கே படித்த ஒரு பெண்ணுக்கு அது இயல்பான ஆசைதான்.

விபத்து எப்போது நடந்தது?

1954 ஜனவரி 30 அன்று. இளம் மருத்துவர்கள் சேர்ந்து ஒரு ஸ்டேஷன் வேகனில் உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். வழியில் வண்டி உருண்டு கவிழ்ந்தது. மேரிக்கு முகத்தில் பலத்த காயம். அந்த வடு கடைசிவரை இருந்தது. அதைவிடப் பெரிய அடி முதுகில். தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்வும் போயிற்று. அப்போது அவருக்கு 28 வயது.

கால் நடக்காது, அவ்வளவுதானே? அதற்கு மேல் என்ன கஷ்டம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். சபையில் ஜெபக் குறிப்பு எழுதும்போது 'நடக்க முடியாத சகோதரருக்காக' என்று எழுதுகிறோம். அந்தச் சகோதரரைக் கேட்டால், நடப்பதைப் பற்றி அவர் கவலைப்படுவது மூன்றாவது இடத்திலோ நான்காவது இடத்திலோதான் இருக்கும்.

முதல் கவலை சிறுநீர். தண்டுவடம் அறுபட்டால் பை நிறைந்தது மூளைக்குத் தெரியாது. வெளியேற்றச் சொல்லி மூளையால் ஆணையிடவும் முடியாது. தேங்கிய சிறுநீர் கிருமிக்கு இடம் கொடுக்கும், பிறகு சிறுநீரகத்தைத் தாக்கும். ஒரு காலத்தில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் இதனாலேயே இறந்தார்கள். இன்று வேளாவேளைக்குச் சுத்தமான குழாயைத் தாமே செருகிச் சிறுநீரை வெளியேற்றக் கற்றுக்கொடுக்கிறார்கள். மலம் கழிப்பதற்கும் இதேபோல ஒரு நேர ஒழுங்கு வேண்டும்.

அடுத்தது படுக்கைப் புண். நாம் உட்கார்ந்திருக்கும்போது நம்மை அறியாமலே நெளிந்துகொண்டே இருக்கிறோம். சதை வலிக்கிறது, அதனால் நெளிகிறோம். உணர்வில்லாதவர் நெளியமாட்டார். எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் நின்று, தோல் கறுத்து, பிறகு எலும்பு தெரியும்வரை குழியாகிவிடும். அதனால்தான் படுத்திருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது. சக்கர நாற்காலியில் இருப்பவர் கால் மணிக்கொரு தரம் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வது. ராத்திரியும் இந்தப் புரட்டல் உண்டு. வீட்டில் யாரோ ஒருவர் அலாரம் வைத்து எழுந்து இதைச் செய்கிறார் என்று அர்த்தம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் நிலைமை மாறத் தொடங்கியது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், தண்டுவடம் பாதித்த வீரர்களைச் சாகவிடாமல் பிழைக்க வைத்தார். பிழைத்தவர்களுக்கு வில்வித்தையும் கற்றுக்கொடுத்தார். மேரி அடிபட்டது அதற்கு 10 ஆண்டு கழித்து. ஆனால் அப்படியொரு சிகிச்சைக்கென்று தனித்துறை அப்போது வேலூரில் இல்லை. அதைப் பிற்பாடு உருவாக்கியவரே அவர்தான்.

அந்த விபத்து தேவ சித்தமா?

இதற்கு ஆம் என்றும் சொல்லத் துணியமாட்டேன், இல்லை என்றும் சொல்லத் துணியமாட்டேன். ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்: கட்டிலில் கிடக்கிறவரிடம், முதல் மாதத்தில், 'சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது' என்ற ரோமர் 8-ஐ எடுத்து நீட்டுவது ஊழியமே இல்லை. அந்த வசனம் பொய்யென்று சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை துன்பப்பட்டவருக்கு உண்டு, பார்க்க வந்தவருக்கு இல்லை என்கிறேன். மேரியின் கதையைச் சொல்பவர்கள் பலரும் 1954-லிருந்து ஒரே தாவாகத் தாவி, மறுவாழ்வு நிலையம் தொடங்கிய 1966-க்குப் போய்விடுகிறார்கள். நடுவே 12 வருஷம் இருக்கிறது.

பாவத்தின் விளைவு என்று சொல்கிறார்களே?

பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். 'இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல' என்பது யோவான் 9-இல் பதில். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு திருப்பிக் கேட்டார். இத்தனை தெளிவாக எழுதியிருந்தும் இந்தப் பேச்சு நம் வீடுகளில் நிற்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த அத்தையம்மா ஒருவர், "என்ன குறையோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்று பெருமூச்சு விட்டுப் போவார். அந்த வார்த்தை காயத்தைவிட அதிக நாள் வலிக்கும்.

சக்கர நாற்காலியில் இருந்தபடி எப்படி அறுவை சிகிச்சை செய்தார்?

இங்கேதான் பால் பிராண்ட் வருகிறார். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி, ஈவ்லின் பிராண்ட் தம்பதியின் மகன், 1914-இல் பிறந்தவர். லண்டனில் அறுவை சிகிச்சை படித்து 1946-இல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியைத் தம் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. செத்துப்போன கை என்று எல்லோரும் ஒதுக்கிய கைக்குள் நல்ல பலமுள்ள தசை இருந்தது. எல்லா நரம்பும் சாகவில்லை; சில நரம்புகள்தான் செத்திருந்தன.

அவர் கண்ட வழி இதுதான். முழங்கைக்குக் கீழே, நோய் தொடாத நரம்பின் ஆணையில் இயங்கும் தசை ஒன்றின் தசைநாரை எடுப்பது; காலிலிருந்து எடுத்த நாரை அதோடு ஒட்டி நீட்டுவது; அதை நான்காகப் பிரித்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய் ஒவ்வொரு விரலிலும் தைப்பது. பிறகு மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் கை தானாக வேலை செய்யாது. மணிக்கட்டை அசைக்கப் பழகிய தசைக்கு இப்போது விரலை அசைக்கும் வேலை. அதை மூளை புதிதாகப் பழக வேண்டும். பிசியோதெரபியில் வாரக்கணக்கில் உட்கார்ந்து பழக்குவார்கள்.

இந்த அறுவை சிகிச்சையில் மருத்துவர் நிற்க வேண்டியதில்லை. நோயாளியின் கை ஒரு மேசைமேல், மருத்துவர் எதிரே உட்கார்ந்து வேலை செய்யலாம். மேரிக்கு என்ன போயிற்று என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தபோது, என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்தவர் பிராண்ட்: பயிற்சி பெற்ற இரண்டு கை, மருத்துவ அறிவு. தொழுநோயாளிகளின் கை அறுவை சிகிச்சைக்கு வரும்படி அவர்தான் அழைத்தார். நீண்ட நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காக முதுகெலும்பைப் பிணைக்கும் கடுமையான அறுவை சிகிச்சைகளையும் மேரி தாங்கிக்கொண்டார். அப்புறம் சக்கர நாற்காலியோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார்.

நோயாளிகள் அவரை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

தழும்பு விழுந்த முகம், நாற்காலியைத் தள்ளும் கை. தொழுநோய் வார்டில் அப்படியொரு மருத்துவர் வந்தால் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. 'உனக்குக் குணமாகும், தைரியமாயிரு' என்று நல்ல காலோடு நிற்கிறவர் சொல்வது ஒன்று. தங்களைவிட அதிகம் இழந்த ஒருவர் தங்கள் கையைப் பிடித்துத் தைப்பது வேறு. பிராண்ட் இதைப் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். வார்டில் நம்பிக்கையிழந்து கிடந்தவர்கள் மேரியைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஒன்று கவனியுங்கள்: மேரி அவர்களுக்குச் சாட்சி சொல்ல நியமிக்கப்பட்டவரில்லை. அறுவை சிகிச்சை செய்ய நியமிக்கப்பட்டவர். வேலையை நன்றாகச் செய்தார். சாட்சி தானாக நடந்தது.

கை சரியானதும் நோயாளிகள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்களா?

இல்லை, இது பலருக்கும் தெரியாத பகுதி. அறுவை சிகிச்சை முடிந்து போன சிலர் திரும்பி வந்தார்கள். தொழுநோய்த் தழும்பு இருப்பதால் வேலை கொடுப்பாரில்லை. கை நேராகிவிட்டதால் பிச்சையும் முன்போல விழவில்லை. பிச்சைக்கு உதவாத கையைக் கொடுத்துவிட்டீர்களே என்று ஒருவர் சொன்னதைப் பிராண்ட் பதிவு செய்திருக்கிறார். தசைநாரை மாற்றித் தைத்தால் மட்டும் ஒரு மனுஷன் பிழைத்துவிட மாட்டான் என்று அப்போது புரிந்தது. கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு உருவானது. தச்சு வேலையும் மர பொம்மை செய்வதும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். சுத்தியல் பிடிப்பதால் காயம் படாத அளவுக்குக் கைப்பிடிகளை மாற்றினார்கள்.

அங்கே ஒரு புதிர் இருந்தது. ராத்திரி நன்றாயிருந்த விரலின் நுனி காலையில் காணாமல் போயிருக்கும். ஒருநாள் இரவு விழித்திருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: எலி கடித்துக்கொண்டிருந்தது; தூங்குகிறவருக்கு உணர்வில்லை. அதற்குப் பிறகு நோயாளி வீட்டுக்குப் போகும்போது கூடவே ஒரு பூனையும் போகும் என்பது அங்கே நடைமுறையானது. மருந்துச் சீட்டில் பூனை! தொழுநோய் விரலைத் தின்பதில்லை, உணர்வில்லாமையால் வரும் காயங்கள்தான் விரலைத் தின்கின்றன என்ற பிராண்டின் முடிவுக்கு இப்படிப்பட்ட ராத்திரிகள்தான் ஆதாரம்.

அப்படியானால் வலி தேவனுடைய ஈவு என்று சொல்லலாமா?

பிராண்ட் சொன்னார். வலியை உணராத ஆயிரக்கணக்கான கைகளைப் பார்த்தவர் என்பதால் அவர் சொல்லலாம். சூடான பாத்திரத்திலிருந்து கையை எடுக்க வைக்கும் வலியைப் பற்றி அவர் பேசினார். புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு இரவு முழுவதும் வரும் வலியிடம் இதைக் கொண்டுபோய்ப் பொருத்தக் கூடாது. அந்த வலிக்கு மார்ஃபின் வேண்டும். வலி தணிக்கும் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வது பக்தி என்று சொல்லி மாத்திரையை மறைத்து வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. அது கொடுமை.

மேரி எங்கே பயிற்சி பெற்றார்?

கை அறுவை சிகிச்சையோடு அவர் நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய், நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் படுக்கையிலிருந்து நாற்காலிக்கும் யார் துணையுமின்றி மாறுவது போன்றவற்றை ஒரு நோயாளியாகவே கற்றார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில், ஒரு மருத்துவராக அந்தத் துறையைப் படித்தார். 1963-இல் வேலூரில் உடலியக்க மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார்.

1966-இல் தொடங்கிய நிலையத்தில் என்ன விசேஷம்?

கல்லூரி வளாகம் இருக்கும் பாகாயத்தில் அமைந்தது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் இந்தியாவில் அதுவரை இல்லை. அங்கே சேர்கிறவரோடு வீட்டார் ஒருவரும் தங்குவார். புரட்டுவது, புண்ணைக் கண்டுபிடிப்பது, குழாய் செருகுவது எல்லாம் அம்மாவுக்கோ மனைவிக்கோ அண்ணனுக்கோ சொல்லிக்கொடுக்கப்படும். செவிலியர் கையில் மட்டும் இருந்த அறிவு கிராமத்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஆஸ்பத்திரித் தரை மழமழவென்று இருக்கும், ஊரில் தெரு அப்படி இருக்காது; ஆகவே கரடுமுரடான வழியிலும் நாற்காலியைத் தள்ளிப் பழக வேண்டும். தொழிலும் பழக வேண்டும்.

வீட்டுக்குப் போனவர்களை அப்படியே விட்டுவிடுவதும் இல்லை. ஆண்டுதோறும் 'ரீஹேப் மேளா' என்ற பெயரில் பழைய நோயாளிகளைக் குடும்பத்தோடு வரவழைக்கிறார்கள். மருத்துவப் பரிசோதனை ஒரு பக்கம், பாட்டும் விளையாட்டும் ஒரு பக்கம். அடிபட்டு மூன்று மாதமான ஒரு பையன், அடிபட்டு இருபது வருஷமாகிக் கடை நடத்துகிற ஒருவரோடு உட்கார்ந்து பேசுகிறான். எந்தப் பிரசங்கியாலும் கொடுக்க முடியாததை அந்தக் கடைக்காரர் கொடுப்பார்.

'கால்களைக் கேட்டேன், சிறகுகள் கிடைத்தன' என்று அவர் சொன்னது உண்மையா?

அவர் பெயரோடு எப்போதும் சேர்ந்து வரும் வாக்கியம் அது. அழகானதுதான். ஆனால் காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் அச்சடிக்கும்போது முன்பாதியை யாரும் நிறுத்திப் படிப்பதில்லை. அவர் கால்களைக் கேட்டிருக்கிறார். கேட்டது கிடைக்கவில்லை. கேட்டதில் அவருக்கு வெட்கமும் இல்லை. கேட்டுக் கிடைக்காதவர்கள் நம் சபையில் நிறைய பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த முன்பாதி முக்கியம்.

விசுவாசம் இருந்திருந்தால் அவர் நடந்திருப்பாரே?

குணமாக்கும் கூட்டங்களில் வீல்சேர்களை முன்வரிசையில் நிறுத்திவைத்து, கூட்டம் முடிந்ததும் அதே வீல்சேரில் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் தெரியும். குணமாகாதவர் இரண்டாவது முறை அடிபடுகிறார். இந்த முறை குற்றமும் அவர் தலையில்.

வேதத்தையே பாருங்கள். தம் மாம்சத்தில் இருந்த வேதனையைப் பவுல் 'முள்' என்கிறார்; அதை எடுக்கும்படி மூன்று தரம் வேண்டினார். 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற பதில் வந்தது, முள் போனதாக எழுதவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார் அதே பவுல். 2 தீமோத்தேயுவின் கடைசியில், யாரும் பிரசங்கிக்காத ஒரு வரி உண்டு: துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்கிறார். கைக்குட்டையைப் போட்டாலே நோய் நீங்கிய ஊழியம் பவுலுடையது. அவர் தம் உடன் ஊழியனை நோயோடு விட்டுவந்தார். அவனுடைய விசுவாசத்தைக் குறை சொல்லவில்லை.

ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. குணத்துக்காகவும் ஜெபியுங்கள். கூடவே புண் வராதிருக்க, தூக்கம் வர, காலையில் மலம் சரியாகக் கழியவும் ஜெபியுங்கள். படுத்திருப்பவர் ஆமென் சொல்வது இதற்குத்தான்.

மருந்தை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பலாமா?

கூடாது. வேலூர் ஊழியம் முழுவதுமே அதற்கு எதிரான சாட்சி.

படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது என்ன செய்வது?

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகலாகத் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமலிருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததும் கெட்டது.

போன் செய்து நேரம் கேட்டுப் போங்கள். சுத்தம் செய்யும் நேரத்தில் பத்துப்பேர் பாட்டுப் புஸ்தகத்தோடு வந்து நின்றால் அவருக்கு எவ்வளவு கூச்சம்! கால்மாட்டில் நின்று குனிந்து பார்க்காமல், நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். அவர் மனைவியிடம், "இவர் சாப்பிடுகிறாரா?" என்று அவர் தலைக்கு மேலாகக் கேட்காதீர்கள், அவரையே கேளுங்கள். 'டாக்டர் என்ன சொன்னார், எவ்வளவு செலவாயிற்று' என்ற விசாரணை வேண்டாம். அவர் அழுதால் அழட்டும். கோபமாகத் தேவனைப் பற்றிப் பேசினால் திருத்தாதீர்கள். 88-ஆம் சங்கீதம் ஆரம்பம் முதல் முடிவுவரை இருட்டாகவே போகிறது. அதையும் பரிசுத்த வேதாகமத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பழம் வாங்கிப் போவதைவிட, ஒரு ராத்திரி அந்த வீட்டில் தங்கி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து புரட்டிவிட முன்வந்தால், அந்த மனைவி முழுசாகத் தூங்குவாள். வாலிபர் சங்கத்தில் எட்டுப் பேர் முறை வைத்துச் செய்யக்கூடிய காரியம். முறைப்படி கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

பார்த்துக்கொள்கிறவருக்கே சோர்வு வந்தால்? எரிச்சல் வருகிறது, அது பாவமா?

தூக்கமில்லாத உடம்புக்கு எரிச்சல் வரும். அதைப் பாவக் கணக்கில் எழுதாதீர்கள். சோர்ந்து சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாக விரும்பிய எலியாவுக்கு தேவதூதன் கொடுத்தது அடையும் தண்ணீரும் தூக்கமும்தான். பிரசங்கம் பிறகுதான் வந்தது. பல வாரங்களாகத் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். போதகரிடமும் சொல்லுங்கள், ஆனால் போதகரோடு நிறுத்திவிடாதீர்கள்.

அடிபட்டவர் கட்டாயம் சாட்சி சொல்ல வேண்டுமா?

வேண்டாம். ஒருவர் வீல்சேரில் வந்ததும் மைக்கைக் கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேரி வர்கீஸ் அளவுக்கு ஏதாவது சாதித்தால்தான் துன்பத்துக்கு அர்த்தம் என்று பேசுவதும் தப்பு. அவருக்கு மருத்துவப் படிப்பு இருந்தது, பிராண்ட் இருந்தார், வெளிநாட்டுப் பயிற்சி கிடைத்தது. அறுவடைக் காலத்தில் மரத்திலிருந்து விழுந்த பனையேறிக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினால் அதுவும் முழு ஊழியம்தான். அதற்குச் சபை முதல் போட வேண்டும், மைக் அப்புறம்.

வயதையும் நோயையும் காட்டி ஊழியத்திலிருந்து ஒருவரை ஒதுக்குவதும் இதற்கு எதிர்ப்பக்கத்துத் தப்பு. பிராண்டின் அம்மா ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு மலைக்கே திரும்பிப் போனார். இடுப்பெலும்பு முறிந்தும், இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியும் மட்டக்குதிரையில் ஏறியும் ஊர் ஊராகப் போய் வைத்தியமும் சுவிசேஷமும் சொன்னார். 1974-இல், 95-ஆம் வயதில் இறந்தார். பாட்டியம்மாளை யாரும் மைக்கைக் கொடுத்து அழைக்கவில்லை, உட்காரச் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

தொழுநோய் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. பல மருந்துக் கூட்டுச் சிகிச்சை 1980-களில் வந்த பிறகு வெகுவாகக் குறைந்தது. 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை 2005 முடிவில் இந்தியா எட்டியதாக அறிவித்தது. ஆனாலும் புது நோயாளிகள் வருகிறார்கள். வெளிறிய, உணர்வில்லாத தேமல் இருந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மாத்திரை இலவசம், நோயின் வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலும் கை மடங்காமல் காக்கலாம். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்பதைக் காட்டி விவாகரத்து கேட்க இடமளித்த சட்டப் பிரிவுகளை 2019-இல்தான் நீக்கினார்கள். வேதப் பாடத்தில் பத்துத் தொழுநோயாளிகளின் கதையைச் சொல்லும்போது பிள்ளைகளிடம் இதையும் சொல்லலாம்.

மேரி வர்கீஸின் பிற்காலம் எப்படி இருந்தது?

1972-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. உடல்நிலை இடங்கொடுக்காமல் 1970-களின் நடுவில் பொறுப்பிலிருந்து விலகினார். 1986 டிசம்பரில் காலமானார். 32 ஆண்டுகள் சக்கர நாற்காலியில். தண்டுவடம் பாதித்தவர்கள் சில வருஷங்களில் போய்விடுவார்கள் என்றிருந்த காலத்தில் தொடங்கிய 32 ஆண்டுகள். அவர் பெயரிலான அறக்கட்டளை வேலூரில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கிறது.

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் நாம் என்ன செய்ய வேண்டும்?

108-ஐ அழையுங்கள். முதுகிலோ கழுத்திலோ அடியென்று சந்தேகம் இருந்தால், கையையும் காலையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். முறிந்த எலும்பு நகர்ந்து, அதுவரை தப்பியிருந்த தண்டுவடத்தையும் அறுத்துவிடக்கூடும். தீயோ வண்டியோ ஆபத்தாக இருந்தாலொழிய அசைக்காமல், தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்துக்கொண்டு காத்திருங்கள்.

எங்கள் ஆலயத்தில் ஒரு வீல்சேர்கூட வருவதில்லையே, நாங்கள் என்ன மாற்றுவது?

வாசலில் எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். வராததற்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். சாய்தளம் கட்டினால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இடம் போதவில்லை என்று செங்குத்தாகக் கட்டிவிட்டால் யாரும் தனியாக ஏற முடியாது, இறங்கும்போது கவிழும். கதவு மூன்றடி அகலமாவது இருக்கட்டும். கழிப்பறைக்கும் இதே கணக்கு. அதை மறந்துவிட்டால் ஆராதனை நாளில் அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார். உள்ளே ஒரு பெஞ்சின் பாதியை வெட்டி எடுத்து, குடும்பத்தோடு சேர்ந்து உட்கார இடம் விடுங்கள். ஓரத்தில் தனியாக நிறுத்தாதீர்கள். திருவிருந்தின்போது எல்லோரும் முடிந்தபின் கடைசியாகக் கொண்டுபோய்க் கொடுக்காமல், அவருடைய வரிசைக்குக் கொடுக்கும்போதே அவருக்கும் கொடுக்கலாம். செலவு முழுவதும் சேர்த்தாலும் போன வருஷத்து ஆண்டு விழாப் பந்தல் செலவைத் தாண்டாது.